இடது பக்கம் ஓடிய வெள்ளை அணுக்கள்

அண்ணி: ...இரு, இரு. நிஜமாத்தான் நடக்குதான்னு இன்னொரு தடவை பார்த்துக்கறேன்.

நாத்தனார்: இதையே மூணாவது தடவை சொல்றீங்க அண்ணி. நீங்க இப்படி முறைச்சுப் பார்த்தா மைக்ராஸ்கோப்புக்கே வெக்கம் வந்துரும். நகருங்க.

அண்ணி: ஓடுதுடி... எல்லாம் ஓடுது. உங்க அண்ணன் உடம்புல இவ்வளவு சுறுசுறுப்பு இருக்குன்னு கல்யாணம் ஆகி ஏழு வருஷத்துல இன்னைக்குத்தான் எனக்குத் தெரியுது.

நாத்தனார்: எங்க அண்ணனைப் பத்தி...

அண்ணி: மூக்குக் கண்ணாடி மூக்கு மேலயே இருக்கும். வீடு பூராவும் தேடுவார். அவரோட வெள்ளை அணுவைப் பாரு, கண்ணு இல்ல, காது இல்ல, வழி கேக்காம வரிஞ்சு கட்டிக்கிட்டுக் கிளம்பிருச்சு.

நாத்தனார்: ரத்தம் எங்க வீட்டு ரத்தம். மறதி மட்டும் கல்யாணத்துக்கு அப்புறம் ஒட்டிக்கிட்டது.

அண்ணி: காலையில ஊசியைப் பார்த்ததும் மயக்கம் போட்டது யாரு வீட்டு ரத்தமாம்?

நாத்தனார்: மயக்கமெல்லாம் இல்ல. அண்ணன் சும்மா கண்ணை மூடிச்சு.

அண்ணி: நாற்காலியிலேர்ந்து சரிஞ்சுக்கிட்டே மூடினாரு.

நாத்தனார்: சரி விடுங்க, பொண்டாட்டி ஆராய்ச்சிக்காக ரத்தம் குடுக்கற புருஷன் எத்தனை பேருக்குக் கிடைப்பான்... ஆங், தெரியுது தெரியுது. அடேங்கப்பா. கும்பலா போகுதே. எதுக்கு இவ்வளவு அவசரம் இதுங்களுக்கு?

அண்ணி: உடம்புல எங்கயாவது அடிபட்டு வீங்கினா, அந்த இடம் ஒரு ரசாயனச் சத்தைக் கசியவிட்டு வெள்ளை அணுவைக் கூப்பிடும். அணுவோட மேல்தோல் பூரா ரிசப்டர். அது அந்தச் சத்தை மோப்பம் பிடிச்சு, எந்தப் பக்கம் வாசனை தூக்கலா இருக்கோ அந்தப் பக்கம் அணுவைத் திருப்பிவிடும். அந்தச் சத்தைத்தான் நாம குழியில ஊத்தியிருக்கோம்.

நாத்தனார்: லேப் டெக்னீஷியனுக்கே பாடமா? தட்டுல குழி போட்டதே நான்தான். நடுக் குழியில அண்ணன். வலது குழியில சத்து. இடது குழியில வெறும் உப்புத் தண்ணி.

அண்ணி: அதேதான்.

நாத்தனார்: சத்து இருக்கற பக்கம் அடையாளத்துக்கு ஒரு சிவப்புப் புள்ளி வச்சேன்.

அண்ணி: வச்ச. அதுக்கென்ன?

நாத்தனார்: இல்ல... புள்ளி இந்தப் பக்கம் இருக்கு. அண்ணன் அந்தப் பக்கம் போகுது.

அண்ணி: வெறும் தண்ணிக்கா ஓடுது?

நாத்தனார்: தலைதெறிக்க ஓடுது.

அண்ணி: ஆளு மாதிரியேதான் அணுவும். சொன்ன பக்கம் போனா மானம் போயிரும்.

நாத்தனார்: நீங்க வேற. யாருமே பார்க்காத அதிசயமா இருந்தா? வெறும் தண்ணியைத் தேடி ஓடற வெள்ளை அணு. பேப்பர்ல உங்க படம் வரும். பக்கத்துல நான், கண்ணாடிக் குழாயைப் பிடிச்சுக்கிட்டு...

அண்ணி: படமா? மணி என்ன பாரு.

நாத்தனார்: பத்தரை.

அண்ணி: பதினொண்ணுக்கு மேடம் வந்துருவாங்க. அணு சத்தை நோக்கிப் போற படத்தை இன்னைக்குக் காட்டலன்னா இந்த ஆராய்ச்சியைத் தூக்கி மூணாம் மாடி லேப்காரங்களுக்குக் குடுத்துருவேன்னு போன வாரமே சொல்லிட்டாங்க. மூணு வருஷ உழைப்புடி.

நாத்தனார்: என்னையும் பாத்திரம் கழுவப் போட்டுருவாங்க... அண்ணி, ஒண்ணு சொல்லவா? கோவப்படக் கூடாது.

அண்ணி: சொல்லு.

நாத்தனார்: இந்தப் புள்ளியை அழிச்சுட்டு... அந்தப் பக்கம் ஒண்ணு வச்சா? படம் அம்சமா இருக்கும்.

அண்ணி: அம்சமாத்தான் இருக்கும். எனக்கும் கை துறுதுறுங்குது, இல்லன்னு சொல்லமாட்டேன்.

நாத்தனார்: அழிக்கவா?

அண்ணி: வேண்டாம். இந்தப் படத்தை நம்பி நாளைக்கு எவனாவது ஒரு மாத்திரை செய்வான். அதை எவளாவது தன் புள்ளைக்குக் குடுப்பா. பேனாவைக் கீழ வை.

நாத்தனார்: வச்சுட்டேன். நீங்க எங்க சரின்னு சொல்லிருவீங்களோன்னு எனக்கும் பக்குபக்குன்னு இருந்துது.

அண்ணி: எதுக்குடி சிரிக்கற?

நாத்தனார்: பயத்துல. நீங்க?

அண்ணி: நானும்தான். ஐயோ, வயிறு வலிக்குது, சும்மா இரு... இரு, இரு. அந்தச் சத்தைவிடப் பலமா இதுங்களை இழுக்கறது எது? சொல்லு.

நாத்தனார்: சம்பளத் தேதி.

அண்ணி: கிருமிடி. உடம்பு கூப்பிடுறது எப்படின்னா, இந்தத் தெருவுக்கு வாங்கன்னு ஆள் அனுப்பற மாதிரி. கிருமியோட வாசனை வேற. திருடன் இந்த வீட்லதான் இருக்கான்னு கையைக் காட்டற மாதிரி. அதுக்குன்னு தனி ரிசப்டர் இருக்கு. ரெண்டு ரிசப்டரும் ஒரே நேரத்துல இழுத்தா, கிருமியைக் காட்டறதோட பேச்சுதான் எடுபடும்.

நாத்தனார்: அப்போ இந்த இடது குழித் தண்ணியில...

அண்ணி: ஒரு சொட்டு எடுத்துச் சாயம் போடு. ஓடு.

நாத்தனார்: அஞ்சே நிமிஷம். நீங்க நகத்தைக் கடிக்காம இருங்க... காயுது... ம். ஆச்சு. அண்ணி, இங்க வாங்க. மணி கோத்த மாதிரி, சங்கிலி சங்கிலியா.

அண்ணி: தள்ளு... அடக் கடவுளே. வாய்க் கிருமி மாதிரி இருக்கே இது.

நாத்தனார்: யாரு வாய்?

மேடம்: சிரிப்புச் சத்தம் மாடிப்படி வரைக்கும் கேக்குது. இது லேபா, கல்யாண வீடா? யாரு வாயைப் பத்திப் பேசறீங்க?

நாத்தனார்: ஐயோ மேடம். பதினொண்ணு ஆகலையே.

மேடம்: மாஸ்க்கை மேல ஏத்து. படம் எங்க?

அண்ணி: இருக்கு மேடம். ஆனா நீங்க கேட்ட படம் இல்ல. அணு சத்துப் பக்கம் போகல. தண்ணிப் பக்கம் போயிருச்சு. ஏன்னா தண்ணியில கிருமி இருக்கு. தப்பு என் மேலதான்.

நாத்தனார்: அண்ணி...

அண்ணி: நீ சும்மா இரு. புது பாட்டில் உப்புத் தண்ணி தீர்ந்துபோச்சு மேடம். நடுக் குழிக்கும் வலது குழிக்கும் சரியா வந்துது. இடது குழிக்கு மட்டும் மேஜை மேல இருந்த அகல வாய் பாட்டில்லேர்ந்து ஊத்தினேன். வெறும் தண்ணிதானேன்னு அலட்சியம். இவகிட்டகூட மறைச்சுட்டேன்.

நாத்தனார்: நானும் ஒண்ணை மறைச்சேன் மேடம். அந்த பாட்டில் நேத்து சாயங்காலம் மூடியில்லாம கிடந்துது. பாட்டு முணுமுணுத்துக்கிட்டே மூடிவச்சேன். யாரு திறந்தாங்கன்னு கேட்டா நம்ம தலையில விழுமேன்னு வாயைத் திறக்கல. வாய்க் கிருமின்னா அது என் வாய்தான்.

அண்ணி: ஆராய்ச்சியை மூணாம் மாடிக்குக் குடுக்கறதுன்னா குடுத்துருங்க மேடம். ஆனா இவ மேல பழி வேண்டாம். பாட்டில்லேர்ந்து எடுத்தது என் கை.

மேடம்: நகரு. பார்க்கறேன்.

நாத்தனார்: அண்ணி, உங்க கை ஜில்லுன்னு இருக்கு.

அண்ணி: உன் கை மட்டும் என்னவாம்.

மேடம்: ...ஒண்ணுகூடத் திரும்பிப் பார்க்கலையே. அங்க சத்து கூப்பிட்டுக்கிட்டே இருக்கு, ஒண்ணு திரும்பல. என்ன அழகு. யாரு ரத்தம் இது?

அண்ணி: என் வீட்டுக்காரர் மேடம்.

மேடம்: மனுஷனுக்கு நல்லா சமைச்சுப் போடு. மூணாம் மாடிக்கு இது போகாது. ஒரே சத்தை வச்சு, போகுதா போகலையான்னு மூணு வருஷமா கேட்டுக்கிட்டிருந்தோம். ரெண்டு பேர் கூப்பிட்டா எந்த ரிசப்டரோட பேச்சைக் கேக்கும்னு இனிமே கேளு. சுத்தம் பண்ணின கிருமிச் சத்தை வரவழைச்சு, புது தண்ணியில முறையா மறுபடி செய். கேள்வியும் உன்னோடது, ஆராய்ச்சியும் உன்னோடது.

அண்ணி: மேடம்... எனக்கு அழுகையா வருது.

நாத்தனார்: எனக்கு ஆடணும் போல இருக்கு.

மேடம்: பாட்டில்கிட்ட ஆடாதே. அதை முதல்ல கொட்டு.

நாத்தனார்: கொட்டறதுக்கு முன்னாடி அது யாரு கிருமின்னு கண்டுபிடிச்சுருவோம் மேடம். பாடினதுக்கெல்லாம் இவ்வளவு விழாது. இந்த மாடியில இருக்கறதே ஒன்பது பேர். எல்லார் வாயிலயும் ஒரு குச்சி விட்டு எச்சில் எடுத்தா ரெண்டே நாள்ல ஆள் அகப்பட்டுருவாங்க. இப்பவே ஆரம்பிக்கறேன்.

மேடம்: வேண்டாம்.

அண்ணி: அவ சொல்றதும் சரிதானே மேடம். எங்க மேல சந்தேகம் தீரும்ல.

மேடம்: உங்க மேல சந்தேகமே இல்ல.

நாத்தனார்: எப்படி மேடம் அவ்வளவு உறுதியா...

மேடம்: கதவைச் சாத்து. ரெண்டு பேரும் சிரிக்கமாட்டோம்னு சத்தியம் பண்ணுங்க.

அண்ணி: சத்தியம்.

நாத்தனார்: எங்க அண்ணன் மேல சத்தியம்.

மேடம்: நேத்து மத்தியானம் குழாய்ல தண்ணி நின்னுபோச்சு. சாப்பிட்ட கையோட கூட்டம், வெளிய எல்லாரும் எனக்காகக் காத்துக்கிட்டிருந்தாங்க... அந்த பாட்டில்லதான் என் பல்செட்டைக் கழட்டி முக்கி அலசினேன். மேல் வரிசை, கீழ் வரிசை... ரெண்டும்.