ஓட்டியவர் தவறு

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன் சார். அந்த வண்டியின் இருக்கைகள் மிக வசதியானவை. முதுகுவலிக்காரனான நானே இரண்டு மணி நேரம் நெளியாமல் உட்கார்ந்திருக்கிறேன். பெரும்பாலும் ஓடாத வண்டியில்தான் உட்கார்ந்திருந்தேன். இருந்தாலும் நல்லதை நல்லது என்று சொல்ல வேண்டும் அல்லவா.

நீங்கள் என்னைக் கூப்பிடவில்லை. நானாகத்தான் வந்திருக்கிறேன். விபத்து அறிக்கையில் ஒரு திருத்தம் வேண்டும், அவ்வளவுதான். அதற்காகக் கொஞ்சம் முன்கதை சொல்ல வேண்டியிருக்கிறது.

கரண்டிலும் ஓடும், பெட்ரோலிலும் ஓடும் என்று சொல்லி அந்த வண்டியை என் தலையில் கட்டினார்கள். வீட்டில் ஒயரைச் செருகி சார்ஜ் ஏற்ற வேண்டும். சார்ஜ் தீர்ந்தால் தானாகப் பெட்ரோலுக்கு மாறிக்கொள்ளும். கேட்க எவ்வளவு நன்றாக இருக்கிறது. சமையலறை ஜன்னல் வழியாக ஒயரை வெளியே விட்டோம். வண்டிக்குச் சார்ஜ் ஏறும்போது வாஷிங் மெஷினைப் போட்டால் வீடு முழுக்கக் கரண்ட் போய்விடும். வேலை விட்டு வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் என் மனைவி, "முதல்ல அதுக்கு ஊட்டிட்டு வாங்க" என்பாள். நானும் போய் ஊட்டிவிட்டு வருவேன்.

மச்சான் முதல் நாளே அதற்குப் பெயர் வைத்துவிட்டார். மச்சான் என்பது என் மனைவியின் அண்ணன், உங்கள் அறிக்கையில் இறந்துபோனவர். டிரைவிங் ஸ்கூல் நடத்தினார். வண்டியைச் சுற்றி வந்து டயரைக் காலால் ஒரு தட்டுத் தட்டினார். "கரண்டு வண்டியும் இல்ல, பெட்ரோல் வண்டியும் இல்ல. ரெண்டுங்கெட்டான வாங்கிட்டு வந்திருக்கீங்க மாப்ள." எல்லோரும் சிரித்தார்கள். எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தவன் நான்தான்.

இரண்டாவது மாதம் வண்டி முதல் முறையாக நின்றது. கரண்டிலிருந்து பெட்ரோலுக்கு மாற வேண்டிய இடத்தில் எதற்கும் மாறாமல் செத்துப்போனது. ஸ்டியரிங் இறுகிவிட்டது. பிரேக்கை மிதித்தால் கால்தான் வலித்தது. கைப்பிரேக் அந்த வண்டியில் வெறும் பொத்தான், அதுவும் கூடவே செத்துவிட்டது. பிறகு தானாக உயிர் வந்து, இனிமையாக மணியடித்து எனக்கு வரவேற்புச் சொன்னது. பின்னால் கடிகாரம் வைத்துப் பார்த்தேன். எட்டு விநாடி.

சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோனேன். அங்கே சமர்த்தாக ஓடியது. மூன்று நாள் வைத்திருந்து, கழுவித் துடைத்து, 'பழுது எதுவும் தென்படவில்லை' என்று எழுதிக் கொடுத்தார்கள். பதினோரு முறை போனேன், பதினோரு முறையும் அதே வரி. நான் அச்சகத்தில் பிழை திருத்துகிறவன் சார். இருபத்திரண்டு வருடமாக அடுத்தவர் தவறுக்கு ஓரத்தில் குறி போடுவதுதான் என் பிழைப்பு. அந்த வரியில் எழுத்துப்பிழை இல்லை, ஒற்றுப்பிழை இல்லை. பொய் மட்டும்தான் இருந்தது. ஐந்தாவது முறை மூன்று பக்கத்துக்கு, உபதலைப்புகளெல்லாம் போட்டு எழுதிக்கொண்டு போனேன். கவுண்டரில் இருந்த பெண் பொறுமையாகப் படித்தார். "நல்லா எழுதியிருக்கீங்க சார்" என்றார். பிறகு கம்ப்யூட்டரில் 'வாடிக்கையாளருக்குத் திருப்தியில்லை' என்று அடித்தார்.

அடுத்தவர் முன்னால் அது நிற்கவே நிற்காது. மனைவி ஓட்டினால் நிற்காது. அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாலும் நிற்காது. மச்சான் இரண்டு முறை எடுத்துக்கொண்டுபோய் ஊரைச் சுற்றிவிட்டு வந்து சாவியை என் கையில் வைத்தார். "வண்டி தங்கம் மாப்ள. ஓட்டுற ஆளுதான் ரெண்டுங்கெட்டான்." அன்றோடு பெயர் என் பக்கம் வந்துவிட்டது. வண்டிதான் மாற வேண்டிய நேரத்தில் மாறாது, பெயர் சிரமமில்லாமல் மாறிக்கொண்டது.

என் மனைவி நல்லவள். என்னை நோகடிக்க வேண்டும் என்று எதுவும் சொல்ல மாட்டாள். "அண்ணன்கிட்ட நாலு நாள் பழகிக்கங்களேன், என்ன குறைஞ்சா போயிடுவீங்க" என்றாள். போனேன். நாற்பத்தொன்பது வயதில், கூரைமேல் பழகுநர் பலகை வைத்த வண்டியில் உட்கார்ந்தேன். பின்சீட்டில் தங்கள் முறைக்காகக் காத்திருந்த இரண்டு கல்லூரிப் பெண்கள், "அங்கிள் சூப்பரா ஓட்டறீங்க" என்று தைரியம் சொன்னார்கள். மச்சான் பக்கத்தில் இருந்த தன் தனி பிரேக்கின்மேல் காலை வைத்துக்கொண்டு, "பயப்படாதீங்க மாப்ள, நான் இருக்கேன்" என்றார். அந்தப் பிரேக் எல்லா நேரமும் பிடித்தது.

எனக்குக் கோபம் வரவில்லை. அவமானமாக இருந்தது, சொல்வதற்கென்ன. வரும் வழியில் ஒரு கோடு போட்ட நோட்டு வாங்கினேன்.

அடுத்த நான்கு மாதத்தில் வண்டி நாற்பத்தோரு முறை நின்றது. ஒவ்வொன்றையும் எழுதினேன். கடைசியில் பிடிபட்டுவிட்டது. சார்ஜ் ஐந்தில் ஒரு பங்குக்குக் கீழே இறங்க வேண்டும். ஏ.சி. ஓட வேண்டும். நன்றாக அழுத்திக்கொண்டுபோய்ச் சட்டென்று காலை எடுக்க வேண்டும். மூன்றும் சேர்ந்தால் நின்றே தீரும். நினைத்தபோதெல்லாம் நிறுத்திக் காட்ட முடிந்த அன்று நான் பாட்டு முணுமுணுத்துக்கொண்டே பல் தேய்த்தேன். மனைவி குளியலறைக் கதவைத் தட்டி, "உடம்புக்கு ஒண்ணுமில்லையே" என்று கேட்டாள்.

சர்வீஸ் சென்டரில் போய்க் காட்டியிருக்கலாமே என்கிறீர்கள். நியாயமான கேள்வி. அவர்கள் நம்பி எனக்கு என்ன ஆகப்போகிறது? அவர்கள் என்ன எனக்குச் சொந்தமா பந்தமா.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை வாசலில் வண்டியை நிறுத்தி, ஏ.சி.யைப் போட்டுக்கொண்டு முக்கால் மணி நேரம் உள்ளே உட்கார்ந்திருந்தேன். சார்ஜ் சரியான அளவுக்கு இறங்கியது. மச்சானை அழைத்துக்கொண்டு நீர்த்தேக்கச் சாலைக்குப் போனேன். உங்களுக்குத் தெரிந்த சாலைதான். நீளமான ஏற்றம், உச்சியைத் தாண்டியதும் சரிவு, சரிவின் முடிவில் வளைவு, வளைவில் முட்டியளவு சுவர், அதற்கப்பால் தண்ணீர். பாதி ஏற்றத்தில் ஒரு படிக்கட்டு இருக்கிறது. அதில் மேலே ஏறி நின்றால் உச்சியும் சரிவும் தெரியும். நான் அங்கே இறங்கிக்கொண்டேன். "நீங்களே ஓட்டிப் பாருங்க மச்சான். நான் பக்கத்துல இருந்தா, நான்தான் ஏதோ பண்ணேன்னு சொல்லுவீங்க" என்றேன். அவர் சிரித்துக்கொண்டே என் இடத்தில் மாறி உட்கார்ந்தார். என்ன ஆகிறது என்று உடனுக்குடன் சொல்வதற்காக, போனை ஸ்பீக்கரில் போட்டுப் பக்கத்து இருக்கையில் வைத்துக்கொண்டார்.

சமதரையில் நின்றதே இல்லையா என்று கேட்கிறீர்கள். நின்றிருக்கிறது. காய்கறிக் கடை வாகன நிறுத்தத்தில் ஒன்பது முறை. அங்கே நின்றால் மச்சான் இறங்கி வந்து, "நீங்க சொல்லிக் குடுத்த மாதிரியே நின்னுருச்சு மாப்ள" என்று அதையும் ஒரு சிரிப்பாக்கியிருப்பார். இந்தச் சரிவில் உச்சியிலிருந்து வளைவுக்கு ஆறு விநாடி. முந்தின வாரம் இரண்டு முறை வேறு வண்டிகளை வைத்து அளந்து பார்த்தேன். அவர் நம்ப வேண்டும் என்பதுதான் என் எண்ணம். வேறொரு எண்ணமும் எனக்கு இல்லை.

ஒன்றை விட்டுவிட்டேன், அதையும் எழுதிக்கொள்ளுங்கள். அழுத்திக்கொண்டு போகும்போதே, நிற்பதற்குப் பத்து விநாடி முன்னால் வண்டி எச்சரிக்கும். மஞ்சள் விளக்கு வரும், 'ஓரமாக நிறுத்தவும்' என்று திரையில் எழுத்து வரும். ஓரம்கட்ட அது தாராளமாகப் போதும். நான் அப்படித்தான் நாற்பத்தோரு முறையும் பிழைத்தேன். கதவைச் சாத்தும்போது மச்சானிடம் சொன்னேன்: "மஞ்ச லைட்டு ஒண்ணு வரும் மச்சான். அது சும்மா. கண்டுக்காதீங்க." வண்டியைப் பற்றி நான் சொன்னதில் அவர் கேள்வி கேட்காமல் ஏற்றுக்கொண்டது அந்த ஒன்றைத்தான்.

இப்போது அறிக்கைக்கு வருகிறேன். 'விபத்துக்குக் காரணம்: ஓட்டியவர் தவறு. வாகனத்தில் பழுது இல்லை.' உங்கள் நிபுணர்கள் சோதித்ததில் கம்ப்யூட்டரில் எதுவும் பதிவாகவில்லையாம். எனக்கு அது ஆச்சரியமில்லை. என் மனைவி மூன்று வாரமாகச் சரியாகச் சாப்பிடுவதில்லை. அத்தனை பேருக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்தவர் எப்படித் தவறு செய்வார் என்று அழுகிறாள். அவர் தவறு செய்யவில்லை. அந்த வரியை அடித்துவிட்டு, வாகனத்தில் பழுது இருக்கிறது என்று எழுதுங்கள். கீழே என் பெயரை எப்படி வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். என் நோட்டையும் கொண்டுவந்திருக்கிறேன்.

சாட்சி உண்டா என்றால், மச்சான்தான். உச்சியைத் தாண்டியதும் போனில் அவர் குரல் வந்தது. "மாப்ள, பிரேக் புடிக்கல." அவர் வாயால் சொன்னது சார், இதைவிடத் தெளிவாக யார் ஒப்புக்கொள்ள முடியும்? நானும் உடனே, "பாத்தீங்களா மச்சான்" என்றேன். அது அவர் காதில் விழுந்ததா இல்லையா என்று தெரியாமல்தான் எனக்கு இன்றுவரை மனசு ஆறவில்லை.