கைதட்டாமல் இருந்த டீச்சருக்கு

விருத்தாசலம் மாலை நேர ஆங்கில வகுப்பிலிருந்து பணி நிறைவு பெறும் ஆசிரியை செல்வநாயகி அம்மையார் அவர்களுக்கு, உடன் பணியாற்றியோரும் வகுப்பினரும் அன்போடு வாசித்தளிப்பது:

ஐயத்தையே அணிகலனாய் அணிந்த அம்மையே! அடுத்தவர் சொல்வதை அப்படியே ஏற்றறியாத ஆசானே! தேநீர்க் கோப்பையைக்கூட விரலால் தட்டி, ஓசை கேட்டு, விரிசல் இல்லையென்று தெளிந்த பின்னரே உதட்டில் வைக்கும் பீங்கான் நகரின் பெருமகளே! வணக்கம்.

பிரிவு விழாவில் பொறுமையையும் புன்னகையையும் புகழ்வது வழக்கம். தங்களிடம் அவை இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் எங்களுக்கு முதலில் நினைவு வருவது தங்கள் சந்தேகம்தான். பூட்டிய கதவை இழுத்துப் பார்ப்பீர்கள். ‘பஸ்ஸு லேட்டு டீச்சர்’ என்றால், எந்த பஸ், எங்கே நின்றது என்று கேட்பீர்கள். இந்த விழாவுக்காக மாடிக்கூடத்தைக் கழுவியபோதும், “யாரு வராங்க? எதுக்கு திடீர்னு இவ்வளவு சுத்தம்?” என்று விசாரித்தீர்கள். சட்டம் போட்ட இந்த மடலின் பின்பக்கத்தையும் நிச்சயம் திருப்பிப் பார்ப்பீர்கள். அங்கே ஒன்றும் இல்லை, அம்மா.

அந்தச் சந்தேகம் ஒரு குடும்பத்தைக் காப்பாற்றியது. அதைக் கூட்டிச் சொல்கிறோமோ, குறைத்துச் சொல்கிறோமோ என்ற ஐயம் எழுதும்போது எங்களையும் பிடித்துக்கொண்டது. ஆகவே அந்தக் குடும்பத்தைச் சேர்ந்த நம் வகுப்பு மாணவி துர்காவிடம் படித்துக் காட்டித் திருத்திய பிறகே இங்கே வாசிக்கிறோம்.

தங்கள் வகுப்பில் பெயர் கூப்பிட்டால் ‘பிரசென்ட்’ சொல்லக் கூடாது. அன்று பார்த்த ஒருவர் எப்படித் தெரிந்தார் என்று ஆங்கிலத்தில் ஒரு வாக்கியம் சொல்ல வேண்டும். லுக்ஸ், சீம்ஸ், அப்பியர்ஸ், இவற்றில் ஒன்று வர வேண்டும். சோர்வோ, மகிழ்ச்சியோ, அதைச் சொல்லும் சொல்லுக்கு முன்னால் எவ்வளவு என்பதும் வர வேண்டும். “கொஞ்சமா, ரொம்பவா, பயங்கரமாவா? அளவு சொல்லலன்னா நீ சரியாப் பாக்கலன்னு அர்த்தம்” என்பீர்கள்.

பீங்கான் பொம்மைகளுக்கு வண்ணம் தீட்டும் துர்கா, தன் வாக்கியத்துக்கு எப்போதும் தன் கணவர் பாவாடை அவர்களைத்தான் எடுத்துக்கொள்வார். பாவாடைக்கு வேறொரு பட்டறையில், கல்லை மாவாக அரைக்கும் கொட்டகையில் வேலை. ஆடி மாதம் துர்கா, “ஹி லுக்ஸ் எ லிட்டில் டயர்ட்” என்றார். பிறகு அது “குவைட் டயர்ட்” ஆனது. அப்புறம் சோர்விலிருந்து மெலிவுக்கு மாறி “வெரி தின்”. ஒரு மாலை துர்கா எழுந்து, “ஹி லுக்ஸ் டெரிப்ளி தின்” என்றார்.

புதுச் சொல்! பின்வரிசையிலிருந்து பச்சமுத்து, “அடேங்கப்பா, அக்கா டெரிப்ளிக்கே போயிட்டாங்க!” என்றார். கூடமே கைதட்டியது. துர்கா வெட்கத்தோடு சிரித்துக்கொண்டு உட்கார்ந்தார். வகுப்பு நாட்குறிப்பிலும் அன்று ‘நல்ல முன்னேற்றம்’ என்றே பதிவாயிற்று.

தாங்கள் மட்டும் கைதட்டவில்லை.

வகுப்பு முடிந்ததும் துர்காவைப் படிக்கட்டில் நிறுத்தினீர்கள்.

“அவரு நெசமாவே அப்படி இருக்காரா?”

“அய்யோ, நல்லாத்தான் இருக்காரு டீச்சர். நான் சும்மா வார்த்தைய மாத்தி மாத்திப் பாக்கறேன்.”

“வார்த்தைய நீ மாத்தினியா, இல்ல அவரு மாறினாரா?”

அந்தக் கேள்வி துர்காவோடு வீடு வரைக்கும் போனது. தட்டில் மிச்சமாகும் சோறு, தோளில் தொங்கும் சட்டை, சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியே தூங்குவது, எல்லாம் தினமும் கண்ணில் பட்டவைதான். பட்டுப் பட்டே பழகிப்போயிருந்தன. மாலை வாக்கியத்துக்காக ஏறிட்டுப் பார்த்ததைத் தவிர, அவரைப் பார்ப்பதையே விட்டுவிட்டோமோ என்று துர்காவுக்கு உறைத்தது. குடிக்க ஆரம்பித்துவிட்டாரோ, வேறெதையும் மறைக்கிறாரோ என்று மனம் எங்கெங்கோ ஓடியது.

ஞாயிற்றுக்கிழமை தாங்களே அவர்கள் வீட்டுக்குப் போனீர்கள். பாவாடை எழுந்து நாற்காலியைத் துடைத்துப் போட்டார். அதற்கே மூச்சு வாங்கியது.

“இருமல் எத்தினி நாளா?”

“மாவு பறக்கிற எடத்துல இருமாதவன் யாருங்க? டாக்டரப் பாத்துட்டேன். ஒண்ணும் இல்லன்னுட்டாரு.”

“எந்த டாக்டரு? சீட்டு எங்க?”

“போலீசு வேலைக்குப் போயிருக்கணும் நீங்க” என்று சிரிக்கப் போன பாவாடைக்கு இருமல் வந்துவிட்டது. வாயைப் பொத்திய துண்டை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார். துர்கா பிடுங்கிப் பார்த்தார். துண்டில் ரத்தம்.

“சொன்னா வேலைய வுட்டு நிறுத்திடுவாங்க துர்கா” என்றார் பாவாடை, தரையைப் பார்த்தபடி.

மறுநாள் அரசு மருத்துவமனைக்கு மூவரும் போனீர்கள். காசநோய் என்று தெரிந்து மாத்திரை தொடங்கினார்கள். பட்டறை மேலாளரிடமும் தாங்களே போனீர்கள். ‘குணமானதும் வரட்டும், மாவுக் கொட்டகை வேண்டாம், பொதி கட்டும் வேலை தருகிறேன்’ என்று அவர் வாயால் சொன்னதை நம்பாமல், எழுதி வாங்கிக்கொண்டுதான் படியிறங்கினீர்கள்.

அதன் பிறகு வருகைப் பதிவு நேரத்தில் கூடம் மூச்சடக்கிக் கேட்டது துர்காவின் வாக்கியத்தை மட்டும்தான். டெரிப்ளி, வெரி ஆனது. வெரி, எ லிட்டில் ஆனது. ஒரு நாள் “ஹி லுக்ஸ் மச் பெட்டர்” என்றார். நாங்கள் கையைத் தூக்கினோம். “இருங்க. ஆள வரச் சொல்லு, பாக்கலாம்” என்றீர்கள். பாவாடை வந்தார். மாடிப்படி முழுவதையும் நிற்காமல், இருமாமல் ஏறி வாசலில் நின்றார். அன்று முதலில் கைதட்டியது தாங்கள்தான்.

ஐயம் என்றால் அன்பின்மை என்று எண்ணியிருந்தோம், அம்மையே! சரியாகப் பார்க்கும் வரை ஓயாத அக்கறைக்கும் அதுவே பெயர் என்று தங்களிடம் கற்றோம்.

நோயின்றி, நோவின்றி, நூறாண்டு காண்பீர்கள் என்று வாழ்த்த ஆசை. ஆனால் வெறும் வாழ்த்தைத் தாங்கள் நம்ப மாட்டீர்கள். ஆகவே ஓர் ஏற்பாடு செய்திருக்கிறோம். வாரந்தோறும் துர்காவும் பாவாடையும் தங்கள் வீட்டுக்கு வந்து தங்களைப் பார்ப்பார்கள். மாலையில் வகுப்பில் தங்களைப் பற்றி ஒரு வாக்கியம் சொல்வார்கள். ‘ஷி லுக்ஸ் எ லிட்டில் டயர்ட்’ என்று வந்தால் பழம் வாங்கிக்கொண்டு வருவோம். அதற்கு மேல் ஒரு சொல் ஏறினாலும், எவரும் கைதட்ட மாட்டோம், அம்மா. ஆட்டோ பிடித்து வந்துவிடுவோம்.

என்றும் தங்கள் கண்காணிப்பில்,
மாலை நேர ஆங்கில வகுப்பின் ஆசிரியர்களும் மாணவர்களும்,
விருத்தாசலம்.