ஏழாவது திருத்தம்

இடம்: கொட்டாஞ்சேனையில் கடிதம் தட்டச்சுச் செய்யும் கடை.
யன்னலோர மேசையில், லெப்டொப்பின் முன்னால்: சவுந்தரநாயகம், கடிதம் எழுதிக் கொடுப்பவர்.
பக்கத்து ஸ்டூலில்: மிதுனா, மருதானையில் லெப்டொப் திருத்துபவர்.
வாசலில் போட்ட வாங்கில் அமர்ந்து, மடியில் கோப்புடன்: இராமலெட்சுமி, மட்டக்குளியிலிருந்து வந்தவர்.

சவுந்தரநாயகம்: ...கீபோட்டில 'லெ'க்குக் கொம்பு போடுற அந்தக் கட்டைதான் பிள்ளை. அழுத்தியும் விழேல்லை. அதாலதான் இந்த அம்மாவின்ர பேர் பிழைச்சது.

மிதுனா: பொறுங்கோ சேர், கழட்டிப் பாக்கிறன். இதில கீபோட்டை மட்டும் தனியாத் தூக்கலாம்... ம். தூசுகூட இல்லை.

இராமலெட்சுமி: ஐயா, கந்தோர் எத்தன மணிக்கு மூடுவாங்க?

சவுந்தரநாயகம்: நாலேகால். இப்ப ரெண்டரைதான். இருங்கோ.

மிதுனா: என்னக்கா பிரச்சினை?

இராமலெட்சுமி: எங்க வீட்டுக்காரரு குவைத்துல செத்துட்டாருங்க. பதினெட்டு நாளா ஐஸ்ல வச்சிருக்காங்க. கல்யாணப் பத்திரத்துல நான் இராமலெட்சுமி. ஐயா அடிச்ச விண்ணப்பத்துல இராமலட்சுமி. இதுல பொஞ்சாதி யாருன்னு வெளிநாட்டு அலுவல் கந்தோர்ல கேக்குறாங்க. அது தெரியாம அவரோட பொடிய அனுப்ப மாட்டாங்களாம்.

சவுந்தரநாயகம்: கட்டையைப் பாரும் பிள்ளை.

மிதுனா: பாக்கிறன். 'பெட்டி'... 'கெட்டி'... கொம்பு விழுதே சேர். உங்கட பழைய டைப்ரைட்டர் ஒழுங்கிலதானே எல்லா எழுத்தும் வச்சுத் தந்தனான். தேய்ஞ்சது, நான் பக்கத்தில பூட்டின சின்னக் கீபோட் பலகையில ஒரு கட்டைதான்.

சவுந்தரநாயகம்: எது?

மிதுனா: ஒரே தட்டில 'தங்கள் உண்மையுள்ள' வாற கட்டை.

சவுந்தரநாயகம்: பகிடி வேண்டாம். லெட்சுமி எண்டு அடியும்.

மிதுனா: லெட்சுமி... அடிச்சு முடிய, தன்பாட்டில லட்சுமி ஆகுது. சேர், அந்தப் பலகை பூட்டேக்க ஒரு பட்டியல் தந்தனீங்கள். பிழையா அடிச்சா தானாத் திருத்துறதுக்கு...

சவுந்தரநாயகம்: ஓம், தந்தனான்.

மிதுனா: என்ர பிழை எண்டு எழுதுங்கோ. செற்றிங் மாறிப்போச்சு எண்டு. நான் சைன் வைக்கிறன்.

சவுந்தரநாயகம்: பட்டியலில எத்தினையாவது?

மிதுனா: விடுங்கோ சேர்.

சவுந்தரநாயகம்: எத்தினையாவது?

மிதுனா: ஏழாவது. 'லெட்சுமி பிழை, லட்சுமி சரி.' உங்கட கையெழுத்து.

சவுந்தரநாயகம்: எங்கட பள்ளிக்கூடத்தில லெட்சுமி எண்டு எழுதினால் பத்துத்தரம் திருப்பி எழுதவேணும்... அதை அழியும். நகரும், நான் அடிக்கிறன்.

மிதுனா: அழிச்சிட்டன்.

சவுந்தரநாயகம்: கேளுங்கோ அம்மா. "விண்ணப்பதாரரின் சரியான பெயர் இராமலெட்சுமி. மாற்றம் அவரால் செய்யப்பட்டதன்று. அவர் சொன்ன பெயரை, அவரிடம் கேளாமல், பிழையெனக் கருதித் திருத்தியவன் நான்."

மிதுனா: கடைசிக்கு அந்தக் கட்டையைத் தட்டுங்கோ.

சவுந்தரநாயகம்: வேண்டாம். 'உண்மையுள்ள' எண்டதை இண்டைக்கு எழுத்தெழுத்தா அடிக்கிறன்... பிள்ளை, கட்டை பழுது எண்டது பொய். காலமையே எனக்குத் தெரியும். நீர் வந்து பழுது எண்டு சொல்லிப்போடுவீர் எண்டுதான் கூப்பிட்டனான்.

மிதுனா: விளங்கினது சேர். அதுதான் என்ர பிழை எண்டு சொன்னனான்... உங்கட ஐடி நம்பரையும் போடுங்கோ.

சவுந்தரநாயகம்: போட்டாச்சு. உறையைத் தாரும்... பசை... சரி, ஒட்டியாச்சு.

மிதுனா: குடுங்கோ. ஓட்டோ நிக்குது. அங்க சிங்களத்தில கதைக்க ஆள் வேணும், நானும் போறன். வாங்கக்கா.

சவுந்தரநாயகம்: அம்மா, ஒண்டு கேக்கவேணும். அண்டைக்குக் கையெழுத்து வைக்க முன்னம் வாசிச்சுப் பாக்கச் சொன்னனான். நீங்கள் கவனிக்கேல்லையோ?

இராமலெட்சுமி: கவனிச்சேங்க ஐயா. கொம்பு இல்லாதது தெரிஞ்சுச்சு... ஐயா படிச்சவங்க. இத்தன வருசமா நாந்தான் எம்பேரத் தப்பா எழுதிக்கிட்டு இருந்தேன்னு நெனச்சுட்டேன்.