வாடிக் கூட்டம்

சுஜீவா: இருவது பொம்புளைகள் காணும் மாமி. நாளைக்கு விடிய, ஆம்புளைகள் தோணியில போன பிறகு, கரையில உங்கட மீன் வாடிக் கொட்டிலுக்குள்ள வந்து வட்டமா இருந்தாச் சரி.

மார்கிறட்: வட்டமா?

சுஜீவா: ஓம், வட்டமா.

மார்கிறட்: நீட்டா இருந்தா என்ன?

சுஜீவா: பகிடி விடாதீங்க மாமி...

மார்கிறட்: பகிடி இல்ல புள்ள. உங்கட நிறுவனம் ஒரு கூட்டம் வெக்கிற எண்டா ஒரு கிழமைக்கு முன்னுக்கே பனர் கட்டும். பணிஸ் வரும், பால் பக்கெற் வரும். நீ என்ன எண்டா நான் நண்டு கழுவிக்கொண்டிருக்கக்குள்ள மூச்சு வாங்க ஓடி வந்து, இருவது பொம்புளை தா எண்டு கேக்கிறாய். என்ன, எலக்சனா?

சுஜீவா: வெளிநாட்டு ஆக்கள் வாறாங்க.

மார்கிறட்: மறுகாவா? போன வருசம் வந்த அந்த நெட்டை அம்மாவா? குடைக்குள்ள நிண்டும் வேர்த்து வடிஞ்சாவே, பாவம்.

சுஜீவா: இங்கிறிட் அம்மா இல்ல. அவ அந்த நாட்டு எம்பி. இது அவங்கட அமைச்சில இருந்து ஒரு பெரிய அதிகாரி.

மார்கிறட்: பெரிய அதிகாரிக்கு எங்கட நண்டில என்ன அலுவல்?

சுஜீவா: நண்டில இல்ல... உங்களில.

மார்கிறட்: என்னில? நான் ஆருக்கும் ஒண்டும் செய்யல்லயே!

சுஜீவா: இஞ்ச பாருங்க. கை ஈரம்தானே, ஃபோன நான் பிடிக்கிறன்.

மார்கிறட்: ஆரு இது... மாதாவே! இது நான்தானே!

சுஜீவா: நீங்கதான். அவங்கட ஊர் ரயில் ஸ்டேசன் சுவரில ஒட்டியிருக்கு.

மார்கிறட்: நைற்றியோட நிக்கிறன்! அதுவும் கக்கத்தில கிழிஞ்ச நைற்றி! ஏன்டி, வேற படம் கிடைக்கல்லயா உங்களுக்கு? மகள் றொசானிட கலியாணத்தில சீலை உடுத்த படம் ஒண்டு கேட்டிருந்தாத் தந்திருப்பனே!

சுஜீவா: படத்துக்கு மேல என்ன எழுதியிருக்கு, பாருங்க.

மார்கிறட்: நானா இங்கிலீசு வாசிக்கிற? நீயே வாசி.

சுஜீவா: 'குடுக்க முதல் இவவிட்டக் கேளுங்க.'

மார்கிறட்: என்னத்தக் கேக்கிற?

சுஜீவா: அவங்கட அரசாங்கம் நம்மளப் போல நாடுகளுக்கு உதவி எண்டு காசு குடுக்குதுதானே. அத எப்பிடிக் குடுக்கிற எண்டு போன வருசம் பாராளுமன்றத்தில பெரிய சண்டை. ஒரு பகுதி ஆக்கள் அந்தக் காச வெட்டு எண்டு நிண்டாங்க. எங்கட நிறுவனம் போய், வெட்ட வேணாம், குடுக்கிற விதத்த மாத்துங்க எண்டு விடாப்பிடியா நிண்டுது.

மார்கிறட்: பொறு, பொறு. உங்களுக்குக் காசு தாறது ஆரு?

சுஜீவா: அந்த அரசாங்கம்தான்.

மார்கிறட்: அவங்களுக்கு யோசனை சொல்லுறது ஆரு?

சுஜீவா: ...நாங்கதான்.

மார்கிறட்: நல்ல வேலை. விருந்துக்கு வந்தவன் குசினிக்குள்ள போய் உப்புக் காணாதெண்டு சொல்லுற மாதிரி.

சுஜீவா: அப்பிடி இல்ல மாமி! எல்லா நாட்டிலயும் நடக்கிறதுதான். எம்பிமாரக் கூப்பிட்டு விருந்து வெக்கிற, படம் காட்டுற, பேப்பருக்கு எழுதுற, சனத்திட்டக் கையெழுத்து வாங்குற, ஒவ்வொரு வாசலாப் போய்த் தட்டுற...

மார்கிறட்: விளங்கிட்டு. கோயில் சபைக்கு ஆள் போடக்குள்ள நம்மட இராசதுரை செய்யிற வேலை. அவர் விருந்து வெக்கிறல்ல, வெத்திலையோட முடிச்சிருவார்.

சுஜீவா: சிரிக்காதீங்க. வெண்டுட்டம் மாமி! இப்ப அங்க சட்டம் மாதிரி ஒண்டு வந்திட்டு. இனி அவங்கட காசில எந்த நாட்டுக்கு, எந்த ஊருக்கு என்ன குடுத்தாலும், முதல்ல அந்த ஊர்ப் பொம்புளைகள் கூடி இருந்து ஓம் எண்டு சொல்லணும். அதுக்குப் பேரே... வாடிக் கூட்டம்.

மார்கிறட்: என்ன?

சுஜீவா: வாடிக் கூட்டம். தமிழ்ச் சொல்ல அப்பிடியே இங்கிலீசில எழுதி வெச்சிருக்காங்க.

மார்கிறட்: இந்த ஓட்டை வாடியா? கூரைக்குக் கிடுகு இல்லாத வாடி, வெள்ளைக்காரன்ட பாராளுமன்றத்திலயா?

ஹெக்டர்: மார்கிறட்! என்ட சாரம் எங்க?

மார்கிறட்: கொடியில கிடக்கு, கண்ணத் துறந்து பாருங்க!

ஹெக்டர்: ஆ, சுஜீவா மகளா? என்ன, மறுகா தையல் மெசின் கொண்டு வந்திட்டியா?

சுஜீவா: சே... இல்ல மாமா... அது... நாளைக்கு மாமிய ஒரு கூட்டத்துக்குக் கேட்டு வந்தன்.

ஹெக்டர்: நாளைக்கு வியாழன் எல்லோ! வியாழக்கிழமையில இவவப் பிடிக்க ஏலா. செபக் கூட்டம். தோணியத் தள்ளி விட்ட கையோட ஓடிருவா. முந்தி ஞாயிறு பூசைக்கே இழுத்துக்கொண்டு போகணும், இப்ப பக்தி முத்திட்டு. பக்கத்து ஊட்டு இலட்சுமிப்பிள்ளையையும் எல்லோ கூட்டிக்கொண்டு போறா!

சுஜீவா: இலட்சுமிப்பிள்ளை அக்காவா? அவ மாமாங்கக் கோயிலில தீர்த்தம் ஆடுற சைவ ஆள்... அவவும் மாதா செபத்துக்கா?

மார்கிறட்: செபத்துக்கு ஆர் வந்தா என்ன? நீங்க சாரத்த உடுத்துக்கொண்டு போய் வலையப் பாருங்க, போங்க.

ஹெக்டர்: போறன், போறன். எனக்கும் சேர்த்துச் செபிங்க.

மார்கிறட்: அவர் போகட்டும்... ம். இப்ப சொல்லு. இந்த வாடிக் கூட்டம் எண்ட பேர் அங்க எப்பிடிப் போன?

சுஜீவா: மாமி... நான் ஒண்டு சொன்னா ஏசக் கூடாது.

மார்கிறட்: ஏசுறதா இல்லயா எண்டு கேட்டுப் போட்டுச் சொல்லுறன்.

சுஜீவா: இங்கிறிட் அம்மா அண்டைக்கு உங்களிட்ட ஒரு கேள்வி கேட்டா. ஞாபகமா?

மார்கிறட்: நாங்க தந்த எஞ்சின் போட் எப்பிடி எண்டு கேக்கிறா எண்டு நீதானே தமிழில சொன்னாய்.

சுஜீவா: நீங்க என்ன சொன்னீங்க?

மார்கிறட்: உள்ளதச் சொன்னன். கடலுக்குப் போற போட்டக் கொண்டு வந்து எங்கட வாவியில, முழங்கால் தண்ணிக்குள்ள விட்டா அது ஓடுமா? எஞ்சின் சேத்த உழுதுபோட்டு நிண்டிட்டு. இப்ப அதுக்குள்ள கோழிதான் முட்டை இடுது எண்டன். இனியும் ஒரு போட் வந்தா அந்த அம்மாவையே அதுக்குள்ள இருத்தித் தள்ளி விடுவன் எண்டன். ஆம்புளைகள் போன பிறகு வந்து எங்களிட்ட ஒரு வார்த்தை கேட்டுப் போட்டுத் தந்தா வாய் தேஞ்சு போகுமா எண்டும் கேட்டன். பிழையா?

சுஜீவா: பிழை இல்ல. ஆனா கையில கத்தியோட கேட்டீங்க.

மார்கிறட்: கத்தி தற்செயல். சைப்பிரசில இருந்து கொண்டு வந்த கத்தி, நண்டுக்கு அதுதான் சரி.

சுஜீவா: எனக்கு இந்தப் பக்கம் எங்கட நிறுவனப் பெரியவர். போட்டத் தந்தது அவர். அந்தப் பக்கம் எம்பி. போட்டுக்குக் காசு தந்தது அவட அரசாங்கம். நடுவில நான். நான் என்ன செய்யிற? கொஞ்சம்... மாத்திச் சொன்னன்.

மார்கிறட்: கொஞ்சம் எண்டா?

சுஜீவா: முழுக்க.

மார்கிறட்: அடி கள்ளி!

சுஜீவா: வாய்க்கு வந்தது மாமி! இந்த வாவிக் கரையில பரம்பரையா ஒரு வழக்கம் இருக்கு, ஊருக்குப் புதுசா எது வாறதெண்டாலும் தோணியெல்லாம் போன பிறகு பொம்புளைகள் வாடிக்குள்ள இருந்து கதைச்சு முடிவெடுப்பாங்க, அவங்க ஓம் எண்டாத்தான் அது ஊருக்குள்ள வரும், அதுக்குப் பேர் வாடிக் கூட்டம் எண்டு... சொல்லிட்டன்.

மார்கிறட்: நான் போட்டுக்க இருத்தித் தள்ளுவன் எண்டது?

சுஜீவா: உங்களுக்கு இங்கிறிட் அம்மாவில நல்ல விருப்பமாம், தோணியில ஏத்திச் சுத்திக் காட்ட ஆசையாம் எண்டன்.

மார்கிறட்: என்ட முகத்தப் பார்த்துமா அந்த அம்மா அத நம்பினா?

சுஜீவா: ஏன் இவ்வளவு கோவமா இருக்கா எண்டு கேட்டா. கோவம் இல்ல, பரம்பரைப் பெருமை எண்டன்.

மார்கிறட்: ஐயோ... வயிறு நோகுது... பிடி, இந்த நண்டுச் சட்டியப் பிடி...

சுஜீவா: நான் செத்துக்கொண்டிருக்கிறன், நீங்க சிரிக்கிறீங்க! அவ அத அங்க போய்ப் பேசினா. எங்கட நிறுவனம் அதத் தூக்கிப் பிடிச்சு, உங்கட படத்த அடிச்சு, அமைச்சரிட்டக் கொண்டுபோய்... இப்ப உதவிய வெட்டு எண்டு நிண்ட பகுதி கேக்குது, அந்த வழக்கம் மெய்யா, போய்ப் பார்த்துக்கொண்டு வா எண்டு. அதுக்குத்தான் நாளைக்கு அதிகாரி வாறார். அப்பிடி ஒண்டு இல்லை எண்டு கண்டாரோ, சட்டமும் போகும், நானும் போவன்.

மார்கிறட்: அழாத புள்ள. கண்ணத் துடை. நண்டுக் கையால துடைக்காத, எரியும்! இருவது பேரையும் நான் பார்க்கிறன்.

சுஜீவா: மெய்யாவா? அப்ப... சும்மா இருந்தாக் காணாது மாமி. முடிவெடுக்கிறத அவர் பார்க்கணும். கையத் தூக்கச் சொல்லுவமா?

மார்கிறட்: கையா? கை சரிவராது. மாமி கையத் தூக்கினா மருமகளும் பயத்தில தூக்குவாள். ஆர் தூக்கின, ஆர் தூக்கல்ல எண்டு அடுத்த நாள் கிணத்தடியில சண்டை. முதல் ரெண்டு தரமும் அதுதான் நடந்த... நடக்கும் எண்டு சொல்லுறன். நண்டுக் கூடைக்கு மேல ஒரு துணி. ஓம் எண்டா மட்டிச் சிப்பி போடுற, வேணாம் எண்டா கல்லுப் போடுற. கையத் துணிக்குள்ள விட்டு எடுத்தா ஆருக்கும் தெரியா.

சுஜீவா: எப்பிடி மாமி இப்பிடி ஒரு பொய்ய நிண்ட நிலையில கட்டுறீங்க?

மார்கிறட்: ஏன், உனக்கு மட்டும்தான் வாய்க்கு வருமா?

சுஜீவா: மற்றது... நாளைக்கு எதப் பற்றிக் கதைக்கிற எண்டு ஒண்டு வேணும்தானே. எங்கட நிறுவனத்தால வாற புதுத் திட்டத்தையே வெப்பம். நீங்க எல்லாரும் ஓம் எண்டாச் சரி.

மார்கிறட்: என்ன திட்டம்?

சுஜீவா: ...தையல் மெசின்.

மார்கிறட்: சுஜீவா.

சுஜீவா: தெரியும் மாமி...

மார்கிறட்: முதல் தந்த மெசினுக்கு மேல ஸைனம்பு தயிர்ச் சட்டி அடுக்கி விக்கிறாள். என்ட மெசினில ஹெக்டர் வலை காயப் போடுறார். இந்த ஊரில தைக்கிறதுக்கு என்ன இருக்கு, நண்டுக்குச் சட்டையா? இனித்தானே வாங்கப் போறீங்க, வேணாம் எண்டு சொல்லிரு.

சுஜீவா: வாங்கியாச்சு. வருசம் முடிய முதல் காச முடிக்கணும் எண்டு... லொறி டவுனில நிக்குது.

மார்கிறட்: குடுக்க முதல் கேள் எண்டு அரசாங்கத்துக்கே பாடம் எடுத்த ஆக்கள், கேக்க முதலே லொறியில ஏத்தி வெச்சிருக்கீங்க!

சுஜீவா: அதான் மாமி உங்கட காலப் பிடிக்கிறன். நாளைக்கு ஒரு கல்லு விழுந்தாலும் பெரியவர் என்னைத்தான் பார்ப்பார். எல்லாம் மட்டியா விழணும்... போட்டையும் காட்டணும் எண்டார். அது கரையில நிண்ட இடத்தில இல்லயே, எங்க?

மார்கிறட்: குருக்கள்மடத்தில, கடல் பக்கம். வினாயகமூர்த்தியாக்கள் கடலுக்குப் போறவங்க, அவங்களிட்டக் குடுத்து ரெண்டு தோணி மாத்தினம்.

சுஜீவா: ஆரக் கேட்டு? அது நிறுவனத்தின்ட போட்! ஆர் முடிவெடுத்த?

மார்கிறட்: பொம்புளைகள்தான். நீ எழும்பு, இருட்டுப்பட முதல் போ.

சுஜீவா: அப்ப... போற வழியில ஊடு ஊடாச் சொல்லிக்கொண்டு போறன், நாளைக்கு வரச் சொல்லி.

மார்கிறட்: சொல்லத் தேவல்ல. வருவாளுகள்.

சுஜீவா: சொல்லாம எப்பிடி வாற?

மார்கிறட்: நாளைக்கு வியாழக்கிழமை.

சுஜீவா: அது உங்கட செபக்... இலட்சுமிப்பிள்ளை அக்கா... மட்டி, கல்லு... மாமி! முதல் ரெண்டு தரமும் எண்டீங்க!

மார்கிறட்: கத்தாத. ஹெக்டருக்குக் கேக்கும். அந்த மனுசன் இன்னும் செபம் எண்டுதான் நினைச்சுக்கொண்டிருக்கு.

சுஜீவா: அப்பிடி ஒரு வழக்கமே இல்லயே மாமி. நான் கட்டின பொய்... அதுவும் அந்த அம்மாட்ட இங்கிலீசில சொன்னது. உங்களுக்கு அத ஆர் சொன்ன?

மார்கிறட்: சைப்பிரசில ஒரு இங்கிலீசுக் கிழவியக் குளிப்பாட்டி, சாப்பாடு தீத்தி, அவட ஏச்சு முழுக்கக் கேட்டுத்தான் புள்ள இந்த ஊட்டக் கட்டின. அண்டைக்கு நீ சொன்னது ஒரு சொல்லு விடாம விளங்கிச்சு. கன்னத்தில ரெண்டு போடுவமா எண்டுதான் முதல் நினைச்சன். மறுகா யோசிச்சன், இவ்வளவு நல்ல வழக்கம் நம்மளிட்ட இல்லாமப் போச்சே எண்டு வெக்கமா இருந்துச்சு, அடுத்த வியாழனே தொடங்கிட்டம். நாளைக்குக் கூடையில கல்லுத்தான் விழும், நீ பயப்பிடாத. பொம்புளைகள் ஓம் எண்டு தலையாட்டுறத அந்த அதிகாரி எல்லா ஊரிலயும் பார்த்திருப்பார், வேணாம் எண்டு சொல்லுறதப் பார்த்தாத்தான் வழக்கம் மெய் எண்டு நம்புவார். உங்கட பெரியவருக்குத்தான் கொஞ்சம் வேர்க்கும், அவருக்கு ஒரு குடை கொண்டு வா. மற்றது, நாளைக்கு நீ வாயத் துறக்காத. இங்கிலீசு நானே கதைக்கிறன்.