டேப் அக்கா கழித்த இரண்டு அங்குலம்

மேடையில் இருக்கும் சங்கத் தலைவர் அவர்களே, கூப்பிட்டதும் வந்துவிட்ட வார்டு உறுப்பினர் அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் அக்காவின் மகளே, மருமகனே, வேலையைப் போட்டுவிட்டு வந்திருக்கும் நாலாம் குறுக்குத் தெரு மக்களே! செயலாளர் என்ற முறையில் என்னைப் பேசச் சொன்னார்கள். துக்கம் இருக்கிறது. அதைவிடப் பயம் அதிகமாக இருக்கிறது.

நம் தெருவின் தையல்காரர், நாம் எல்லோரும் ‘டேப் அக்கா’ என்று அழைத்தவர், போன புதன்கிழமை காலை இயந்திரத்தின் முன் உட்கார்ந்தபடியே போய்விட்டார். அளவு டேப் கழுத்தில் கிடந்தது.

தெருவின் தாழ்ந்த முனையில் கடைசி வீடு அவருடையது. இரண்டு வருடத்துக்கு முன் ஒரு மழையில் சாக்கடை திரும்பி அவர் குளியலறை வழியாக உள்ளே வந்தது. தைத்து அடுக்கியிருந்த நாற்பத்திரண்டு பள்ளிச் சீருடைகள் நாசம். அடுத்த மாதமே ஓடைக்கு அப்பால் உள்ள வயலைக் குடியிருப்பு மண்டலமாக மாற்றப் போவதாக அறிவிப்பு வந்தது. அறுநூற்று நாற்பது வீடுகள்! அவற்றின் கழிவுநீர் எங்கே போகும்? நம் தெருக் குழாயை நீட்டி அதிலேயே இணைப்பார்களாம். நம் குழாயோ பன்னிரண்டு அங்குலம். நாம் மனு எழுதினோம், கையெழுத்து வாங்கினோம். அக்கா என்ன செய்தார்? திரைச்சீலைக் கம்பி ஒன்றை எடுத்தார். மகளின் நகப்பூச்சால் அதில் அங்குலம் குறித்தார். தினமும் காலை ஆறரைக்கு மேன்ஹோல் மூடியின் துளை வழியாக அதை இறக்கி, எதுவரை நனைந்தது என்று நோட்டில் எழுதினார். ஒரு நாளா, இரண்டு நாளா? பதினெட்டு மாதம்!

நகராட்சியில் பொறியாளர் சிரித்தார். “ஏம்மா, இது தையல் கடையா? அங்குலத்துல பேசுறீங்க?”

“நீங்க மீட்டர்லயே பேசுங்க சார். எங்க வீட்டுக்குள்ள வர்றப்ப அது அளந்துட்டா வருது?”

அந்த நோட்டின்படி நாற்பத்தொரு நாள் குழாய் முழுதாக நிரம்பியிருந்தது. அதை நம்பித்தான் நகராட்சியின் கருத்துக் கேட்புக் கூட்டத்துக்கு நாம் தைரியமாக இருந்தோம். இறப்பதற்கு மூன்று வாரம் முன்பு அக்கா என் வீட்டுக்கு வந்தார். கையில் இரண்டு டேப். ஒன்று புதியது.

அவருடைய பழைய டேப்பின் பித்தளை முனை எப்போதோ பிய்ந்து, முதல் இரண்டு அங்குலம் போய்விட்டது. துணி அளக்கும்போது கை தானாக இரண்டைக் கழித்துக்கொள்ளும். கம்பியில் குறித்த அன்று அவர் துணி அளக்கவில்லை. டேப்பின் முனையை நான் பிடித்தேன், அவர் எண்ணைப் பார்த்துக் கோடு போட்டார். கழிக்க இரண்டு பேருக்குமே தோன்றவில்லை. அத்தனை அளவும் இரண்டு அங்குலம் கூடுதல்!

“அக்கா, இது யாருக்குத் தெரியப் போகுது? கூட்டம் முடியட்டுமே” என்றேன். ஆமாம், நான்தான் சொன்னேன்.

“தம்பி, சட்டை ரெண்டு அங்குலம் தப்பாப் போச்சுன்னு தெரிஞ்சப்புறம் மடிச்சுக் குடுத்து அனுப்புவேனா? பிரிச்சுத்தான் தைக்கணும்.”

மூன்று நாள் உட்கார்ந்து பதினெட்டு மாதத்தையும் பிரித்துத் தைத்தார். ஒவ்வொரு எண்ணையும் அடித்து, பக்கத்தில் சரியான எண்ணை எழுதினார். பழைய கோடுகளைச் சுரண்டிவிட்டுக் கம்பியிலும் புதிதாகக் குறித்தார். நாற்பத்தொன்று இருபத்தாறாகிவிட்டது. ஓய்வுபெற்ற பஸ் டிரைவர் அண்ணன் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். “நாப்பத்தொண்ணு எங்க, இருபத்தாறு எங்க! கையில இருந்ததையும் நாமளே தூக்கிக் குடுத்துட்டோம்!” அக்கா அவரைப் பார்த்துச் சொன்னார்: “அண்ணே, இருபத்தாறு நாள் சாக்கட வீட்டு வாசல் வரைக்கும் வந்தது போதாதா உங்களுக்கு?”

நாளை மறுநாள் அந்தக் கூட்டம். அடித்துத் திருத்திய நோட்டைப் பார்த்துப் பொறியாளர் என்ன சொல்வார்? இதெல்லாம் நம்பக்கூடிய கணக்கா என்று தூக்கிப் போட்டுவிட்டால்? வார்டு உறுப்பினர் அவர்களே, அன்று எங்களோடு எழுந்து நிற்பீர்களா? அக்காவின் மகள் இனி அந்தக் கடைசி வீட்டில்தான் இருக்கப் போகிறார். அவருக்கு நாம் என்ன பதில் சொல்வோம்?

இன்னொரு தவறும் நடந்துவிட்டது. அக்கா போன மறுநாளிலிருந்து ஆறு நாள் யாரும் அளக்கவில்லை. பக்கத்து வீட்டார் பார்த்துக்கொள்வார்கள் என்று ஒவ்வொரு வீட்டிலும் நினைத்திருக்கிறோம். “ஒம்பது, பத்துன்னு ஏதாவது போட்டு நிரப்பிடுங்க செயலாளரே, யாரு பாத்தா?” என்று நேற்று ஒருவர் காதோடு சொன்னார். அவர் பெயரைச் சொல்ல மாட்டேன். நாலு வாரத்துக்கு முன் நானும் அதே ஆள்தானே!

அந்த ஆறு வரியிலும் ‘அளக்கவில்லை’ என்று எழுதி, கையெழுத்துப் போட்டிருக்கிறேன். டேப்பைப் பிடித்தவன் நான் என்பதையும் நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிவிட்டேன். வெள்ளிக்கிழமை அந்த நோட்டைத்தான் கொடுக்கப் போகிறோம். இருபத்தாறு என்றுதான் சொல்லப் போகிறோம். இன்றிலிருந்து வீட்டுக்கு ஒரு நாள் என்று முறை வைத்து அளப்போம். நாளைய முறை என்னுடையது. இது அக்காவுக்கு நாம் கொடுக்கும் வாக்கு!

இன்றைய முறையை அவர் மகள் கேட்டு வாங்கிக்கொண்டார். காலை ஆறரைக்குக் கம்பியை இறக்கினார். புதிய கோட்டின்படி பதினொன்றரை.

மழை இன்னும் தொடங்கவில்லை.