வெயிலில் நீலமான பாட்டிலும் வீரபாகு ஐயா மேல் விழுந்த பழியும்

பிப்பெட்டும் பியூரெட்டும் பிழையறப் பிடித்த பெருந்தகையே! முப்பத்தோராண்டு எங்கள் வேதியியல் ஆய்வகத்தின் முதுகெலும்பாய் நின்ற முதல்வரிசைப் பணியாளரே! அமிலப் புகையையும் அதிகாரப் புகைச்சலையும் ஒருசேரத் தாங்கிய அண்ணலே! வீரபாகு ஐயா அவர்களே, வணக்கம்!

தங்கள் பணிநிறைவு விழாவில் பூமாலை போட்டு, பொன்னாடை போர்த்தி, புகழ்ந்துவிட்டுப் போகச் சொல்கிறார் கல்லூரி முதல்வர். "பழசையெல்லாம் கிளறாதீங்க" என்று நேற்றும் ஆள்விட்டுச் சொன்னார். கிளறத்தான் போகிறோம். அவையோர் கேட்கட்டும்.

1966 ஏப்ரலில் புகுமுக வகுப்புச் செய்முறைத் தேர்வு. என்ன உப்பென்று மாணவர்கள் கண்டுபிடிக்க, மேசைமேல் கோபால்ட் உப்புக் கரைசல். அதற்குள் ரோஜா நிறமும் நீல நிறமும் ஒன்று மற்றொன்றாக ஓயாமல் மாறிச் சமநிலையில் நிற்கும். சூடு ஏறினால் சூட்டை விழுங்கும் நீலத்தின் பக்கம் சமநிலை சாயும். குளிர்ந்தால் ரோஜாவுக்கே திரும்பும். நாங்கள் இதைப் புத்தகத்தில் படித்தவர்கள், வீரபாகு கண்ணால் கண்டு கற்றவர். கோடை வந்தால் உச்சிவேளைக்கு முன்பே அந்தப் பாட்டிலைப் பானைத் தண்ணீரில் இறக்கிவிடுவார். அன்று அவரால் முடியவில்லை. தேர்வு நடத்த வந்த தேர்வாளரின் வீட்டம்மாவுக்குப் பட்டுப்புடவை வாங்கிவர இதே முதல்வர் அவரைக் கடைத்தெருவுக்கு விரட்டியிருந்தார்! வெட்கக்கேடு!

வேர்த்து விறுவிறுத்துத் திரும்பினார். காலைப் பிரிவுக்கு ரோஜாவாக இருந்த கரைசல் தகரக்கூரை வெக்கையில் நீலமாகியிருந்தது. "பாட்டில மாத்தினது யாரு?" என்று தேர்வாளர் குதித்துக்கொண்டிருந்தார்.

"மாத்தல சார். வெயிலு ஏறிக்கினு இருக்குது, அதான். பானைத் தண்ணியில வெச்சா ரோஸாயிடும், பாருங்க சார்" என்று கெஞ்சினார் வீரபாகு.

"அட்டெண்டரு நீ எனக்குப் பாடம் எடுக்கிறியா? வெளிய போய்யா!" என்றார் முதல்வர். ஆய்வகத்தைப் பூட்டிச் சாவியைத் தம் பையில் போட்டுக்கொண்டார். மறுநாள் விடிந்ததும் திறந்தால் கரைசல் ரோஜா. "பாத்தீங்களா, மறுபடியும் மாத்திட்டான்!" என்றார். அட, சாவி யாரிடம் ஐயா இருந்தது?

பணிப்பதிவேட்டில் 'தேர்வு மோசடி' என்று எழுதினார்கள். ஊருக்கெல்லாம் தெரிந்தது. மகள் காந்தாவுக்குப் பேசி முடித்த வரன், மோசடிப் பட்டம் வாங்கிய வீடு என்று திரும்பிப் போனது. தெருவில் தலைநிமிராமல் நடந்தார் அந்த மனிதர்!

அந்தப் புகாருக்குச் சாட்சிக் கையெழுத்துப் போட்டவர்கள் யார்? வேதியியலில் பட்டம் வாங்கிய நாங்கள் ஏழு பேர். உண்மை தெரிந்தே, வேலைக்குப் பயந்து போட்டோம். தூ! படிப்பாம் படிப்பு!

அது பொய்யென்று எழுவரும் எழுதி, நிர்வாகத்துக்கும் பல்கலைக்கழகத்துக்கும் இன்று காலை பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டுத்தான் இந்த மேடை ஏறினோம். வேலை போனால் போகட்டும். நோய்நொடியின்றி நூறாண்டு இருங்கள் ஐயா. பதிவேட்டில் அந்த வரி அடித்து நீக்கப்படுவதைத் தாங்கள் கண்ணால் பார்த்தாக வேண்டும். எங்களை மன்னிக்க வேண்டாம்.

இங்ஙனம்,
பொய்ச்சாட்சி சொன்ன ஏழு விரிவுரையாளர்கள்
காஞ்சிபுரம், 1974