ஜன்னல் பக்கம் திருப்பிய தொட்டிகள்

பான்சிப் பூக்கள் வெயில் வரும் பக்கமே பார்க்கும், ஐயா. ஜன்னலுக்கு வெளியே வைத்தால், அறைக்குள் இருப்பவருக்கு அவற்றின் முதுகுதான் தெரியும். அதனால் தினமும் காலையில் தொட்டிகளை அக்கா பக்கம் திருப்பி வைப்பேன். நான் அவளைக் கவனிக்கவில்லை என்று யாராவது சொன்னால், இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

பக்கவாதத்தில் படுக்கும்வரை அந்தத் தோட்டம் அக்காவுடையது. என்னை உள்ளே விடமாட்டாள். "வாடல் வர்றான், செடியை எல்லாம் மூடி வைங்க" என்று விருந்தாளிகள் முன்னால் சிரிப்பாள். நான் தொட்ட செடி வாடிவிடுமாம். தெருவில் எனக்கு அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. அவள் படுத்த பிறகு மாலை வகுப்பில் சேர்ந்து தோட்ட வேலை படித்தேன். வேர் பிடிக்கட்டும் என்று முதல் மொட்டுகளைக் கிள்ளினேன். வாடிய பூக்களை விதை கட்டுமுன் காம்போடு எடுத்தேன். ஊதாவும் மஞ்சளுமாகப் பூத்துத் தள்ளின.

"எப்படிக்கா இருக்கு?"

"நத்தை தின்ன இலையை யாருடா எடுப்பா?"

செய்வது சரிதானா என்ற சந்தேகம் எனக்கு எப்போதும் உண்டு. ஒரு நல்ல வார்த்தை கேட்டது தவறா?

மேல்மண் காய்ந்த பிறகு ஊற்றினால் போதும் என்று வகுப்பில் சொன்னார்கள். அதை அக்காவுக்கும் செய்து பார்த்தேன். தண்ணீர்ச் சொம்பைக் கை எட்டாத ஜன்னல் விளிம்பில் வைத்தேன். முதலில் ஒரு பொழுது. பிறகு கொஞ்சம் கூடுதலாக. அவள் பார்க்கச் செடிகளுக்கு ஊற்றினேன்.

"டேய், தண்ணி குடுடா."

"பூ எப்படிக்கா இருக்கு?"

"எந்திரிச்சேன்னா உதைதான் வாங்குவே."

சிரித்தேன். எங்களுக்குள் பேச்சு அப்படித்தான்.

கடைசியில் சொல்லிவிட்டாள். உதடு வெடித்திருந்தது, குரல் பாதிதான் வந்தது. "நல்லா இருக்குடா தம்பி. ரொம்ப அழகா இருக்கு."

அவள் வாயால் தம்பி என்று அதுவரை கேட்டதில்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது. சொம்போடு கட்டிலருகே போய்விட்டேன். அப்போதுதான் தோன்றியது, தண்ணீருக்காகச் சொல்கிறாளோ? தாகத்தில் இருப்பவள் பேச்சை எப்படி நம்புவது? தண்ணீரைச் செடிகளுக்கு ஊற்றிவிட்டு, "நல்லா யோசிச்சு நாளைக்குச் சொல்லுக்கா" என்றேன்.

மறுநாள் வழக்கம்போல் தொட்டிகளைத் திருப்பினேன். எல்லாப் பூக்களும் அவளையே பார்த்தன. அவள் கண்களும் திறந்துதான் இருந்தன. மாலைவரை கேட்டுக்கொண்டே இருந்தேன்.

ஒரு வார்த்தை பேசவில்லை. அவள் பிடிவாதம் உங்களுக்குத் தெரியாது, ஐயா.